விஞ்ஞானக் கட்டுரைக்குப் பிரதி ஆயத்தம் செய்தல்

விஞ்ஞானச் செய்திகளைத் தமிழில் எழுத விருப்பமுடையோர் பலர் உளர். ஆனால் எழுதுவது வேறு; எழுதியதை அச்சுக்கு உரிய பிரதியாக ஆக்கித் தருவது வேறு. பொருளறிவு நிரம்பியவர் எழுதிய கட்டுரைகளிலும் அளவு தவறுவதுண்டு, அலகு விடுபடுவதுண்டு, கூறிய செய்திக்குச் சான்று இல்லாமற் போவதுண்டு. கதையில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் வாசகர் அதைத் தாமே திருத்திப் படித்துக்கொள்வார். மருந்தின் அளவிலோ நீரைத் தூய்மை செய்யும் முறையிலோ பிழை நேர்ந்தால் அவரால் அதைத் திருத்திக்கொள்ள இயலாது. அச்சில் உள்ளபடியே செய்துவிடுவார். ஆகையால் விஞ்ஞானக் கட்டுரையாளருக்குப் பிரதியை ஆயத்தம் செய்யும் பயிற்சி இன்றியமையாதது.

இப்பயிற்சியைப் பொது விதிகளாக மட்டும் கூறினால் மனத்தில் நில்லாது. எனவே ஓர் எடுத்துக்காட்டை முதலிலிருந்து இறுதிவரை பின்பற்றிச் செல்வோம். மும்பையின் கிழக்குப் புறத்தே, டிராம்பேயில் உள்ள சீத்தா கேம்ப்பில் பணிபுரியும் ஒரு தமிழாசிரியரோ சுகாதாரப் பணியாளரோ, “வீட்டில் சேமிக்கும் குடிநீரைத் தூய்மையாக வைத்துக்கொள்வது எப்படி?” என்று ஒரு கட்டுரை எழுத முற்படுகிறார் எனக் கொள்வோம். அவர் செய்ய வேண்டுவன யாவை என்பதே இப்பாடம்.

இவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சீத்தா கேம்ப்புக்குச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது. 1954-இல் தொடங்கப்பெற்று, 1967-இல் ஹோமி பாபாவின் பெயரைப் பெற்ற அந்நிலையம், அணுவியலோடு நில்லாமல் நீரைச் சவ்வுகளின் வழியே வடிகட்டித் தூய்மை செய்யும் முறைகளையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி முடிவுகள் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. பக்கத்திலேயே, குழாயில் சில மணி நேரமே வரும் நீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்து ஒரு நாள் முழுவதும் உபயோகிக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் மிகப் பல. நிலத்தில் அருகருகே உள்ள இவ்விரு இடங்களுக்கும் நடுவே மொழியில் நீண்ட தொலைவு உண்டு. அதைக் குறைப்பதே தமிழ் விஞ்ஞானக் கட்டுரையின் வேலையாகும்.

1. வாசகரும் வினாவும்

எழுதத் தொடங்குமுன் இரண்டு வாக்கியங்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். முதல் வாக்கியம், இக்கட்டுரையைப் படிப்பவர் யார் என்பது. இரண்டாவது, படித்து முடித்தபின் அவர் எதைச் செய்யவோ அறியவோ வல்லவராவார் என்பது.

நம் எடுத்துக்காட்டில் அவை இவ்வாறு அமையலாம்: “வாசகர், பள்ளிப் படிப்புடைய தமிழர், வீட்டில் நீர் பிடித்து வைப்பவர். படித்தபின் அவர் இருபது லிட்டர் நீருக்குச் சரியான அளவு குளோரின் சேர்க்கவும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அறியவும் வல்லவராவார்.”

இவ்விரு வாக்கியங்களும் தெளிவாக இருந்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற ஐயம் எழாது. மும்பைக்கு நீர் தரும் பாட்சா, வைத்தரணா, தான்சா ஏரிகளின் வரலாறு சுவையானதே. ஆயினும் இக்கட்டுரையில் அதற்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இடமில்லை. குளோரின் அணுவின் அமைப்புக்கு இடமே இல்லை. “எனக்குத் தெரிந்தது எது?” என்று தொடங்குபவர் கட்டுரையை வீங்கச் செய்வார். “வாசகருக்கு வேண்டுவது எது?” என்று தொடங்குபவர் அளவறிந்து எழுதுவார்.

2. சான்றுகளைத் திரட்டுதல்

செய்திகளைத் தனித்தனிச் சீட்டுகளில் குறித்துக்கொள்ளுதல் பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை. ஒரு சீட்டில் ஒரு செய்தி. அதன் கீழே அது கிடைத்த இடம், வெளியான ஆண்டு, பக்க எண், குறித்த நாள். தாமே அளந்ததாயின் கருவியின் பெயர், அளந்த இடம், நாள், நேரம். கணினியிலோ கைப்பேசியிலோ குறிப்பவரும் இந்த ஒழுங்கையே கைக்கொள்ள வேண்டும். நேரத்தைக் குறிப்பது வீண் என எண்ணற்க. குழாய் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் பிடித்த நீரும், அரை மணி கழித்துப் பிடித்த நீரும் ஒரே தன்மையன அல்ல. விட்டு விட்டு நீர் வரும் குழாயில், நீர் நின்ற வேளையில் வெளியிலிருந்து கசிந்து புகுந்த அழுக்கு முதல் நீரோடு வந்துவிடும்.

சான்றுகளில் மூன்று வகை உண்டு: நேரில் அளந்தது, நம்பத்தக்க நூலில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது. மூன்றையும் கட்டுரையில் வெவ்வேறு விதமாகவே எழுத வேண்டும். ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். சீத்தா கேம்ப் தோன்றிய வரலாற்றை ஒரு பத்தியில் கூறக் கட்டுரையாளர் விரும்புகிறார். 1976-ஆம் ஆண்டு மே மாதம், நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்த காலத்தில், அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டு, அங்கிருந்த மக்கள் உப்பங்கழியை ஒட்டிய சதுப்பு நிலமாகிய சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அதை எதிர்த்து வழக்காடியும் மக்களைத் திரட்டியும் நின்றவர், பின்னர் 2000-இல் ராமன் மகசேசே விருது பெற்ற ஜோக்கின் அற்புதம் என்பார். இடம் மாற்றப்பட்டோர் எழுபதாயிரம் பேர் என்பது பரவலாக வழங்கும் எண்.

இதை எழுதும்போது நாளும் நிகழ்ச்சியும் உறுதியானவை. அவற்றை நேராகக் கூறலாம். “எழுபதாயிரம்” என்பதோ வட்ட எண். வீடு வீடாக எண்ணி வந்த 71,348 போன்ற எண்ணுக்கும், போராட்டத்தில் ஈடுபட்டோர் மதிப்பிட்டு வழங்கிய எண்ணுக்கும் வேறுபாடு உண்டு. ஆகையால், “ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் என மதிப்பிடப்படுகிறது” என எழுதி, யார் மதிப்பீடு என்பதையும் சேர்த்தல் வேண்டும். இவ்வாறு எழுதுவதால் அம்மக்கள் பட்ட துன்பம் சிறிதும் குறைந்துவிடாது. மாறாக, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று பின்னொருவர் கேட்கும்போது உண்மை முழுவதையும் ஐயுற இடமிராது.

பிறர் எழுதியதைச் சரிபாராமல் படியெடுப்பதன் கேட்டுக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. கீரை வகையொன்றில் உள்ள இரும்புச் சத்தின் அளவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி விட்டார் என்றும், அதனால் அதன் பெருமை பத்து மடங்காகிவிட்டது என்றும் ஒரு கதை வழங்கி வந்தது. 1981-இல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் அது இடம்பெற்றபின், பலரும் அதனைப் பிழைக்கு உதாரணமாகவே எடுத்தாண்டனர். 2010-இல் மைக் சட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் மூலத்தைத் தேடிச் சென்றபோது, தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் அகப்படவில்லை. பிழையைக் கண்டிக்க வந்த கதையே சரிபார்க்கப்படாத கதையாக முடிந்தது. மூலத்தைக் காணாமல் எழுதலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

3. கட்டுரையின் உறுப்புகள்

செயல்முறைக் கட்டுரைக்கு ஐந்து உறுப்புகள் போதும்: சிக்கல் யாது, அதன் காரணம் யாது, செய்ய வேண்டிய முறை யாது, எவ்வெவற்றில் எச்சரிக்கை வேண்டும், முறையின் எல்லை யாது. இவை இந்த வரிசையிலேயே வருதல் நன்று.

ஒவ்வொரு பத்தியும் ஒரே கருத்தைக் கூறட்டும். பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படித்தால் கட்டுரையின் சாரம் விளங்க வேண்டும்; விளங்காவிடில் பத்திகளின் வரிசையில் குறை இருக்கிறது. செய்முறையைக் கூறும் பகுதியில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயலே இருக்கட்டும். “தெளிந்த நீரில் கரைசலைச் சேர்த்துக் கலக்கி மூடி வைத்து அரை மணி சென்றபின் பருகலாம்” என்பதில் ஐந்து செயல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்து எண்ணிட்டு எழுதினால், டிரம்மின் அருகில் நின்றுகொண்டே ஒருவர் படித்துச் செய்ய இயலும்.

ஐந்தாவது உறுப்பாகிய எல்லையைப் பலர் விட்டு விடுகின்றனர். குளோரின் நோய்க் கிருமிகள் பலவற்றை அழிக்கும். ஆனால் நீரில் கரைந்த உப்பையோ, நைட்ரேட்டையோ, உலோகங்களையோ நீக்காது. கலங்கல் மிகுந்த நீரில் அதன் ஆற்றல் குறையும். இவற்றைச் சொல்லாமல் விட்டால், உப்புக் கரித்த கிணற்று நீரிலும் குளோரினைச் சேர்த்து ஒருவர் நலம் என்று எண்ணுவார். முறை எதைச் செய்யாது என்பதைக் கூறுவதும் விஞ்ஞானமே.

4. சொற்களைத் தேர்தல்

தமிழில் விஞ்ஞானம் எழுத வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கிய நூல்களில் இரண வைத்தியம் 1867-இலும், கெமிஸ்தம் 1875-இலும் அச்சேறின. நூல்களோடு சொற்பட்டியல்களையும் அவர் வெளியிட்டார். தமிழகத்தில் பெ. நா. அப்புசாமி நெடுங்காலம் விஞ்ஞானக் கட்டுரைகளை எளிய நடையில் எழுதி வழிகாட்டினார். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. மத்திய அரசு 1961-இல் விஞ்ஞான, தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது. ஆகையால் புதுச் சொல் படைக்குமுன், முன்னோர் படைத்த சொல் உண்டா எனப் பார்ப்பது கட்டுரையாளரின் முதற் கடமை.

சொல்லாட்சியில் மூன்று விதிகள் போதுமானவை.

முதலாவது: ஒரு பொருளுக்கு ஒரே சொல்லை இறுதிவரை ஆளுக. “கரைசல்” என்று தொடங்கியவர் நடுவில் “திரவம்” என்றும் பின்னர் “கலவை” என்றும் எழுதினால், மூன்று வெவ்வேறு பொருள்கள் என வாசகர் மயங்குவார். இலக்கியத்தில் சொல் மாற்றம் அணியாகலாம். செய்முறையில் அது பிழை.

இரண்டாவது: வாசகர் கடையில் கேட்டு வாங்கும் சொல்லைக் கட்டாயம் கூறுக. பாடநூலில் சலவைத்தூள் எனப்படுவது கடையில் பிளீச்சிங் பவுடர் எனப்படும். துணி துவைக்கும் சோப்புத் தூளைச் சலவைத்தூள் என்று கொண்டு ஒருவர் குடிநீரில் இட்டால் நேரும் தீங்கை எண்ணிப் பாருங்கள். “பிளீச்சிங் பவுடர் என்று கடைகளில் விற்கப்படும் சலவைத்தூள், துணி துவைக்கும் சோப்புத் தூள் அன்று” என முதன்முறை விளக்கிவிட்டு, அதன்பின் பிளீச்சிங் பவுடர் என்றே எழுதிச் செல்லலாம். தமிழ், மராத்தி, உருது, மலையாளம் முதலிய மொழிகள் கலந்து வழங்கும் பேட்டையில் இது இன்னும் தேவை.

மூன்றாவது: ஓரெழுத்தால் பொருள் மாறும் சொற்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்க. கரை, கறை, கலம், களம், அலை, அளை என்பன போன்றவை. “கறையும் வரை கலக்குக” என அச்சானால் கரைத்தலுக்கும் அழுக்குக்கும் குழப்பம் உண்டாகும். இவ்வாறே “கூடும்”, “கூடாது” என்னும் சொற்களையும் தனியே சரிபார்க்க வேண்டும். எச்சரிக்கை வாக்கியத்தில் இச்சொல் மாறினால் எச்சரிக்கையே ஏவலாகிவிடும்.

5. எண்ணும் அலகும்

விஞ்ஞானப் பிரதியில் மிகுந்த கவனம் வேண்டுவது இப்பகுதியே. நம் கட்டுரையாளரின் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

தெளிந்த நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் சேர்க்க வேண்டும் எனக் கொண்டால், 20 லிட்டருக்கு 40 மில்லிகிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் பயன்தரும் குளோரின் நூற்றுக்கு 25 பங்கு இருப்பின், 40 மில்லிகிராமைப் பெற 160 மில்லிகிராம் தூள் வேண்டும். கணக்குச் சரி. ஆனால் பிரதி எடுக்கையில் “மில்லி” என்ற சொல் விடுபட்டு “160 கிராம்” என்றாகிவிட்டால் அளவு ஆயிரம் மடங்காகும். அப்போது லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரின் உடைய நீர் கிடைக்கும். அது குடிநீர் அன்று. தரையையும் பாத்திரங்களையும் கிருமி நீக்கும் கரைசல்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எந்த வீட்டிலும் 160 மில்லிகிராமை நிறுக்கும் தராசு இல்லை. ஆகவே கணக்குச் சரியாயினும் செய்முறை பயன்படாது. கட்டுரையாளர் அதை வீட்டில் அளக்கத்தக்கதாக மாற்ற வேண்டும். அதே தூளில் 40 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலக்கித் தெளிய வைத்தால், 1 விழுக்காட்டுக் குளோரின் கரைசல் கிடைக்கும். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் உண்டு. ஆகவே 20 லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் தெளிவு போதும். மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியில் இதை அளக்கலாம். அளந்து விட்டு, கலக்கி, மூடி, 30 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். பிளீச்சிங் பவுடர் ஈரத்தாலும் வெப்பத்தாலும் நாளடைவில் வலு இழக்கும். ஆகையால் 25 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதையும், பழைய தூளுக்கு அது பொருந்தாது என்பதையும் கட்டுரை கூறியாக வேண்டும். குளோரின் மாத்திரை கிடைக்குமிடத்தில் அதன் உறையில் உள்ள குறிப்பைப் பின்பற்றுவதே எளிது என்றும் சேர்க்கலாம்.

பேதிக்கு உரிய உப்புச் சர்க்கரைக் கரைசலும் இத்தகையதே. ஒரு லிட்டர் தூய நீருக்கு, தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு என்பது வழக்கிலுள்ள அளவு. இதில் சர்க்கரையும் உப்பும் இடம் மாறினாலோ, “அரை” என்பது விடுபட்டாலோ, “தலைதட்டிய” என்பது நீங்கினாலோ குழந்தைக்குத் தீங்கு. கடையில் விற்கும் உப்புக் கரைசல் பொட்டலங்களிலும் ஒரு லிட்டருக்குரியவை உண்டு. 200 மில்லிலிட்டருக்குரிய சிறு பொட்டலங்களும் உண்டு. “ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைக்கவும்” என்று மட்டும் எழுதினால், சிறு பொட்டலம் வாங்கிய தாய் ஐந்தில் ஒரு பங்கு வலுவுள்ள நீரையே குழந்தைக்குக் கொடுப்பாள். பொட்டலத்தின் அளவைக் குறிப்பிடாத வாக்கியம் பாதி வாக்கியமே.

இவற்றினின்று பெறப்படும் விதிகள் வருமாறு. அலகுகளைச் செய்முறைப் பகுதியில் முழுச் சொல்லாகவே எழுதுக. “கி.” என்பது கிராமோ, கிலோவோ, கிலோமீட்டரோ என மயங்க இடமுண்டு. “மி.”, “மீ.” என்னும் இரண்டும் கையெழுத்தில் ஒரு சுழியளவே வேறுபடும். ஒன்றுக்குக் குறைந்த தசமத்தை “.5” என எழுதாமல் “0.5” என எழுதுக; புள்ளி மறைந்தாலும் சுழியம் எச்சரிக்கும். வீட்டு அளவுகளை “அரை”, “கால்” எனச் சொல்லால் எழுதுக. பின்னக் குறிகள் கணினியில் இடம் மாறும்போது மறைவதுண்டு. எல்லை மதிப்பைக் கூறும்போது எந்த நியமம், எந்த ஆண்டு எனக் குறிப்பிடுக. குடிநீருக்கான இந்திய நியமம் 10500-இன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 100 மில்லிலிட்டர் மாதிரி நீரில் ஈ. கோலை கிருமி காணப்படவே கூடாது.

இவையெல்லாம் சிறியவை என்பார்க்கு இரு நிகழ்ச்சிகளை நினைவூட்டலாம். 1962 ஜூலை 22-இல் வெள்ளிக் கோளை நோக்கி ஏவப்பட்ட மாரினர் 1 என்னும் அமெரிக்க விண்கலம் வழிதவறியதால், ஐந்து நிமிடங்களுக்குள் அழிக்கப்பட்டது. வழிகாட்டும் சமன்பாட்டைக் கையால் படியெடுத்தபோது ஒரு குறியின் தலைமேல் இட வேண்டிய சிறு கோடு விடுபட்டது, கருவிக் கோளாறு ஒன்றுடன் சேர்ந்து, அதற்குக் காரணமாயிற்று. 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த வேறொரு விண்கலம், ஒரு குழுவினர் பிரிட்டிஷ் அலகிலும் மற்றொரு குழுவினர் மெட்ரிக் அலகிலும் கணக்கிட்டமையால் அழிந்தது. பேரறிஞர் பலர் கூடிய இடத்திலும் ஒரு கோடும் ஓர் அலகும் இத்தனை கேடு செய்யுமாயின், தனியொருவர் இரவில் அமர்ந்து எழுதும் பிரதியில் எத்துணைக் கவனம் வேண்டும்!

6. மக்களைக் குறித்து எழுதும்போது

நீரைப் பற்றி எழுதுபவர் நீர் பிடிப்பவரைப் பற்றியும் எழுத நேரிடும். மும்பைக் குடிசைப் பகுதிகளில் குறிப்பிட்ட நாளுக்குப் பின் எழுந்த வீடுகளுக்கு நீர் இணைப்பு மறுக்கப்பட்டு வந்த காலம் உண்டு. 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், நீர் பெறுதல் வாழும் உரிமையின் பாற்பட்டது என்று கூறி, அத்தகையோருக்கும் நீர் தர வழி காண மாநகராட்சியைப் பணித்தது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட சந்தையும் வீட்டெண்ணும் குறித்து, “இங்கே முறையற்ற இணைப்பு உள்ளது” என்று ஒரு கட்டுரை அச்சானால், அந்த வீட்டாரின் நீர் நின்றுபோகக் கூடும். ஆய்வின் பயன் அவர்களுக்கே எதிராகும்.

எனவே வீட்டாரின் பெயர், எண், புகைப்படம் ஆகியவற்றை அவர்தம் இசைவின்றிச் சேர்க்கலாகாது. இசைவு கேட்கும்போது, இது எங்கே வெளிவரும், யார் படிப்பர் என்பதை அவர்கள் மொழியில் விளக்க வேண்டும். கிருமி காணப்பட்ட மாதிரிகளை “மாதிரி 1”, “மாதிரி 2” எனக் குறித்தால் போதும். அறிவுக்கு அது குறைவன்று. மேலும், மாதிரி நீரில் கிருமி கண்டால் அந்த வீட்டாருக்கு முதலில் சொல்ல வேண்டும். இதழுக்கு அனுப்புவது பின்னர்.

7. பிரதியின் அமைப்பு

கையால் எழுதுவோர் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு, இடப்புறம் நான்கு விரல் அளவு ஓரம் விட்டு எழுதுக. ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் கட்டுரைத் தலைப்பும் இருக்கட்டும். துணைக்காலையும் ரகரத்தையும் தெளிவாக வேறுபடுத்துக. அடித்துத் திருத்திய எண்ணை, முழுவதும் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதுக. எண்ணின் மேல் எண்ணை எழுதற்க.

கணினியில் எழுதுவோர் ஒருங்குறியில் எழுதுவதே தக்கது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதனை ஏற்றுக்கொண்டது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் எழுதி வைத்த பிரதியை மாற்றும்போது, தமிழ் எழுத்துகள் சரியாக வந்தாலும் பாகைக் குறி, கூட்டல் கழித்தல் குறி, பின்னங்கள் ஆகியவை வேறு எழுத்தாக மாறிவிடுவதுண்டு. ஆகையால் மாற்றிய பிரதியில் எண்களையும் குறிகளையும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கணினியின் மொழிபெயர்ப்பைத் துணைக்கொண்டோரும் அவ்வாறே செய்க. அது சரளமாக இருப்பதாலேயே பிழை கண்ணில் படாது.

அட்டவணையும் படமும் தனித்தாளில் இருக்கட்டும். அட்டவணைக்குத் தலைப்பும், ஒவ்வொரு பத்திக்கும் அலகும் வேண்டும். கட்டுரையைப் படியாமல் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கும் அது விளங்க வேண்டும். அளவிட்டுப் பார்க்காததையும், அளவிட்டும் காணப்படாததையும் ஒரே கோட்டால் குறிக்கலாகாது. முன்னதை “அளக்கப்படவில்லை” என்றும், பின்னதை “காணப்படவில்லை” என்றும் எழுதுக. குடிநீர் அட்டவணையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

8. இறுதிச் சரிபார்ப்பு

பிரதி முடிந்தபின் மூன்று நாளாவது அதைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு மூன்று முறை படிக்க வேண்டும். முதன்முறை பொருளுக்காக, இரண்டாம் முறை எண்ணுக்கும் அலகுக்கும் மட்டும், மூன்றாம் முறை எழுத்துக்கும் சந்திக்கும். மூன்றையும் ஒருசேரப் பார்க்க முயல்வோர் மூன்றிலும் சிலவற்றை விட்டுவிடுவர்.

அதன்பின் வாசகரைப் போன்ற ஒருவரிடம் செய்முறைப் பகுதியைக் கொடுத்து, விளக்கம் எதுவும் கூறாமல், படித்துச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே வாக்கியத்தில் குறை உள்ளது. அவர் கேட்கும் கேள்விக்கு வாயால் விடை சொல்லாமல், அந்த விடையைப் பிரதியில் எழுதுக. அச்சுப் பிழை திருத்தும் படி வரும்போது, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றொருவர் அச்சுப் படியைப் பார்த்துவரல் நன்று.

பயிற்சி

அ. “பிளீச்சிங் கரைசலை 4 மி. ஊற்றிச் சிறிது நேரம் கழித்துக் குடிக்கலாம்.” இவ்வாக்கியத்தில் உள்ள குறைகளைக் கண்டு திருத்தி எழுதுக. (கரைசலின் வலு, நீரின் அளவு, அலகு, காத்திருக்கும் நேரம் ஆகிய நான்கும் வர வேண்டும்.)

ஆ. பயன்தரும் குளோரின் நூற்றுக்கு 20 பங்கே உள்ள தூளைக் கொண்டு ஒரு லிட்டர் 1 விழுக்காட்டுக் கரைசல் செய்ய எவ்வளவு தூள் வேண்டும்? (விடை: 50 கிராம்.)

இ. அக்கரைசலில், 200 லிட்டர் டிரம்முக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் எத்தனை மில்லிலிட்டர் தேவை? (விடை: 40 மில்லிலிட்டர்.) இதையே ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயலாக ஆறு வாக்கியங்களில் எழுதுக.

ஈ. உங்கள் ஊரையோ பேட்டையையோ அறியாத ஒருவர் இருக்கும் இடம் விளங்குமாறு மூன்று வாக்கியங்களில் எழுதுக. அவற்றுள் உறுதியான செய்தி எது, மதிப்பீடு எது, கேள்வி எது எனப் பக்கத்தில் குறிக்க.

எழுதிய விடைகளை ஒரு வாரம் கழித்து மீண்டும் எடுத்து, எண்களை மட்டும் ஒருமுறை சரிபார்க்க.